ஏழு தலைமுறையும் சீதக்காதியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கீழக்கரை. இப்போது சென்னையில் இருக்கிறேன். போன பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது நானும் காக்காவும் (என் அண்ணன்) உம்மா வீட்டு மரப்பெட்டியைக் கிளறினோம். நாலைந்து பழைய பத்திரங்கள், வாப்பா கைப்பட எழுதிவைத்த வமிசப் பட்டியல் ஒன்று. அதில் வாப்பாவிலிருந்து மேலே எண்ணினால் ஏழாவது பெயர் ‘செய்கு அப்துல் காதிறு மரைக்காயர்’. வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் அதுதானே! நாம் வள்ளல் வாரிசு என்று அன்றிரவே காக்கா குடும்ப வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். பத்திரங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. 1926-இல் உம்மும்மாவின் (உம்மாவைப் பெற்றவர்) தாயார் வீடு வாங்கியது, அந்த மாதிரி. எனக்கு நம்பவும் ஆசை, சந்தேகமும் போகவில்லை. சொன்னால் காக்காவுக்குக் கோபம் வருகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

செத்தும் கொடுத்தவர் சீதக்காதி. இன்றைக்கும் வாரிசுப் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் காக்கா 1975 வாக்கில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்கு 30 வருஷம் போட்டால் ஏழாவது ஆள் பிறந்தது 1765 பக்கம். சீதக்காதியோ ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தவர். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடவைத்தவர். அந்தச் சேதுபதி 1710-இல் காலமானார். சீதக்காதி 1660 வாக்கில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டாலும், ஏழே பேரை வைத்து அவரிடம் போய்ச் சேர வேண்டுமானால், ஒவ்வொருவரும் 45 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். ஒருவர் இருவர் என்றால் சரி, ஏழு பேருமா? நடுவில் பெயர்கள் விட்டுப்போயிருக்கும் என்பார் காக்கா. இருக்கலாம். விட்டுப்போன பெயர்களுக்குத்தான் காகிதம் வேண்டும்.

அடுத்தது அந்தப் பெயர். ஷெய்கு அப்துல் காதிர் என்பது வாயில் தேய்ந்துதான் சீதக்காதி ஆனது, அது உண்மை. ஆனால் உங்கள் தெருவில் நின்று ‘அப்துல் காதர்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று. பாக்தாதில் அடங்கியிருக்கும் இறைநேசர் முகைதீன் ஆண்டகை பெயர் அது, நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் நாகூராரின் முழுப்பெயரிலும் அது உண்டு. நேர்ந்துகொண்டு வைத்த பெயர்கள். மரைக்காயர் என்பதும் கப்பல் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு உள்ள பட்டம்.

காக்காவின் கோபம் எனக்குப் பழக்கமானது. எங்கள் முன்னோர் பாம்பனில் சொந்தமாகத் தோணிகள் விட்டவர் என்று என் பெரியப்பா கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்தார். பிறகு எனக்குக் கிடைத்த கடன் பத்திரம் ஒன்றில் அந்த முன்னோரின் தொழில் ‘தண்டேல்’ என்றிருந்தது. அடுத்தவர் தோணியை ஓட்டியவர். அதைப் பந்தியில் உட்கார்ந்து சொன்னது என் தப்பு. பெரியப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. நீங்கள் வாட்ஸாப்பில் மறுத்து எழுதாதீர்கள். பட்டியலைக் காக்காவிடமே கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த வருஷம் எழுதச் சொல்லுங்கள். நான்காவது பெயரிலேயே அவருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

இனி நீங்கள் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம். உங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அப்படியென்றால் வாப்பாவின் பட்டியலில் உள்ள ஏழு ஆண்களும் ஏழு வீடுகளில் வாழ்ந்தவர்கள். அவர்கள் பின்னால் ஓடினால் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். உங்கள் உம்மா வரிசை அப்படியில்லை, மனையோடு உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் இருந்த பத்திரங்களும் அந்த வரிசையுடையவைதான். தேடுவது ஒன்று, கையில் இருப்பது இன்னொன்று.

1926 பத்திரத்தின் கடைசியில் செக்குபந்தி இருக்கும். வடக்கே யார் வீடு, மேற்கே யார் மனை என்று பாருங்கள். தாய் மனையைப் பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுத்த இடமாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரி பெரும்பாலும் அக்காவோ தங்கையோதான். அங்கிருந்து, அதே மனைக்கு முன்பு எழுதிய தாய்ப் பத்திரத்துக்குப் போங்கள் (பெயரே வழி சொல்கிறது). சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டால் நகல் கிடைக்கும், பொறுமை வேண்டும். ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில், அதாவது கல்யாணப் பதிவேட்டில், பெண், மாப்பிள்ளை இருவரின் தகப்பன் பெயரும் மஹரும் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது) எழுதியிருப்பார்கள். பெட்டியில் அரபு எழுத்தில் கடிதம் ஏதாவது கிடந்தால் ஓதுகிற கிதாபு என்று நினைத்துத் திரும்ப வைத்துவிடாதீர்கள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ், அரபுத்தமிழாக இருக்கலாம், வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாரிடமாவது காட்டுங்கள். கொழும்பில் கடை வைத்திருந்தவர்களின் கடிதங்கள் பல அப்படித்தான் வந்தன.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். உம்மும்மாவின் தாயாருக்கு அந்த வீடு சீதனமாக வரவில்லை, வாங்கியிருக்கிறார். புருஷன் அனுப்பிய பணமா, நகையை விற்றாரா, வேறு வருமானம் இருந்ததா? கிரயத் தொகை எப்படிச் செல்லானது என்ற விவரம் பத்திரத்தின் நடுவில் எங்காவது வரும். காக்காவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.