வாரம் இரண்டு நாள்தான் போக முடிகிறது, அலாட்மென்ட்டை விட்டுவிடலாமா?

கேள்வி: மூன்று வருடம் காத்திருந்து, இந்த ஏப்ரலில்தான் எங்கள் கவுன்சிலிடமிருந்து (உள்ளாட்சி) அலாட்மென்ட், அதாவது காய்கறி வளர்க்க வாடகைக்குத் தரும் நிலம், கிடைத்தது. வேலை, பிள்ளைகள் என்று வாரத்துக்கு இரண்டு முறைதான் போக முடிகிறது. இப்போது ஜூலையில் தக்காளியின் அடி கறுக்கிறது, ரன்னர் பீன்ஸ் பூவெல்லாம் உதிர்கிறது, கொத்தமல்லி இலை விடுவதற்குள் பூத்துவிடுகிறது. பாதி நிலம் களை. திருப்பிக் கொடுத்துவிடலாமா? – ஒரு வாசகி, இங்கிலாந்து

பதில்: கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. வாரம் இரண்டு முறை போவது தாராளம். நீங்கள் சொன்ன மூன்றும் நோயே இல்லை. தக்காளிக்கும் பீன்ஸுக்கும் தண்ணீர் சீராகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தக்காளியின் அடி கறுப்பது, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால். மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கும். அதை வேரிலிருந்து காய்வரை கொண்டுபோவது தண்ணீர். மண் நன்றாகக் காய்ந்து, பிறகு திடீரென்று வெள்ளமாக நனைந்தால் அந்த ஓட்டம் விட்டு விட்டுப் போகும். மருந்து எதுவும் வாங்க வேண்டாம். கறுத்த காய்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீரைச் சரிசெய்யுங்கள். அடுத்த கொத்தில் காய்கள் நன்றாக வரும். தக்காளி தொட்டியில் இருந்தால் மட்டும் கதை வேறு. தொட்டிக்கு வெயில் நாளில் தினமும் தண்ணீர் வேண்டும். அடுத்த வருடம் நேராக மண்ணில் நடுங்கள்.

தண்ணீர் விடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோடையில் பாதி விஷயம் இதுதான். தோட்டம் முழுக்கத் தெளித்துவிட்டு வருவதில் பயனில்லை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், ஒரே நாள் வெயிலில் வாடும். காய்க்கிற செடிகளைத் தேர்ந்தெடுத்து, பூவாளியை அடியில் பிடித்து, நிதானமாக, மண் உறிஞ்ச உறிஞ்ச ஊற்றுங்கள். அப்புறம் கையகல ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மூன்று நான்கு நாளைக்குக் கவலையில்லை. ஈரம் காய்வதற்குள் கம்போஸ்ட்டோ வைக்கோலோ ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். காய்ந்த மண்மேல் போட்டால் மழை பெய்தாலும் உள்ளே இறங்காது, அதை மறக்க வேண்டாம்.

பீன்ஸுக்கும் இதே வைத்தியம்தான். பூவின்மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேருக்கு விடுவதுதான் பலன் தரும். இரவும் புழுக்கமாக இருக்கும் நாட்களில் என்ன செய்தாலும் கொஞ்சம் உதிரும், குளிர்ந்ததும் மறுபடி பிடிக்கும். பிடித்த பிறகு, போகும்போதெல்லாம் பிஞ்சாகவே பறித்துவிடுங்கள். நாலு காய் முற்றி விதை கட்டினால் கொடி பூப்பதைக் குறைத்துவிடும். கூர்ஜெட் (சுகினி) வைத்திருந்தால் அதுவும் அப்படித்தான், விரல் நீளத்திலேயே அறுங்கள். போன நாளில் சின்னதாக இருந்தது, நாலே நாளில் சுரைக்காய் அளவுக்கு வந்துவிடும்.

கொத்தமல்லி நீண்ட பகலும் சூடும் கண்டால் பூக்கத்தான் செய்யும். இந்த ஊர் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே! பூத்ததைப் பிடுங்காதீர்கள், தேனீக்கள் வரும், மல்லி விதையும் கிடைக்கும். ஆகஸ்ட்டில் பீன்ஸ் பந்தலின் நிழல் பக்கமாகப் புதிதாக விதையுங்கள். நாற்று எடுத்து நடாமல், நேராக மண்ணிலேயே.

களை நிற்கும் பாதியில் இந்த வருடம் எதுவும் பயிரிட வேண்டாம். விதை விடுவதற்குள் வெட்டிச் சாய்த்து, அட்டையோ கறுப்பு விரிப்போ போட்டு, ஓரங்களில் கல் வையுங்கள். முழு மனை என்பது பழைய கணக்கில் 10 ராடு, ஏறக்குறைய 250 சதுர மீட்டர். வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது பெரிய நிலம். அடுத்த வருடமும் பாரமாக இருந்தால், பாதி மனையாக மாற்றித் தர முடியுமா என்று அங்குள்ள பொறுப்பாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள். கவுன்சிலிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ப் பேசுவது நல்லது.

ஒன்று மட்டும் அவசரம். மழையும் வெதுவெதுப்பும் சேர்ந்து வரும் நாட்களுக்குப் பிறகு, தக்காளி இலையிலும் தண்டிலும் பழுப்புத் திட்டு பரவினால் அது பிளைட் எனும் கருகல் நோய். அன்றைக்கே செடியைப் பிடுங்கிவிடுங்கள். அதற்கு முன், நல்ல பச்சைக் காய்களைப் பறித்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். திட்டு விழாத காய்கள் சமையலறையிலேயே பழுக்கலாம், சில அழுகவும் செய்யும்.