ஏலம் விட சைட் ரெடி, ஏலம் கேக்க ஆள் எங்க?

இந்த வாரக் கேள்விகள்ல நாலு பழைய வீடியோ கேம் சம்பந்தமா, அதுவும் எல்லாமே மலையோரத்துல இருந்து வந்திருக்கு, அதனால ஒரே இடத்துல வச்சுப் பேசிடலாம்.

கேள்வி: அண்ணே, கம்பத்துல மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். சின்ன வயசுல இருந்தே பழைய கேம் சாமான் சேக்குற பழக்கம், பிஎஸ்2 (சோனி பிளேஸ்டேஷன் 2), மெகா டிரைவ், கேம்பாய்னு பழைய கேம் மெஷின் ஒரு பீரோ நிறைய கெடக்கு. குமுளியில இருக்குற ஃப்ரெண்டு கோடிங் தெரிஞ்சவன், ரெண்டு பேரும் சேந்து கேம் சாமானுக்குன்னே தனியா ஒரு ஆன்லைன் ஏல சைட் பண்ணிட்டோம், பொங்கலுக்கு விட்ரலாம்னு இருக்கோம். அமெரிக்காவுல ஒரு மரியோ கேம் கோடிக்கணக்குல போச்சுன்னு படிச்சதுல இருந்து தூக்கம் வரல. இது ஓடுமா? கடையை மூடிட்டு முழு நேரமா எறங்கலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: கடையை மூடாதீங்க தம்பி. மொதல்ல அதைச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

மரியோ சேதி உண்மைதான். 2021 ஜூலையில ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ்ங்கிற அமெரிக்க ஏலக் கம்பெனியில ஒரு சூப்பர் மரியோ 64 கேசட் 15.6 லட்சம் டாலருக்குப் போச்சு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு ஜெல்டா கேம் 8.7 லட்சம் டாலர். ஆனா அதெல்லாம் சீல் ஒடைக்காம, தரச் சான்று வாங்கி, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில பூட்டி வச்ச சரக்கு, அந்த விலையெல்லாம் வேணும்னே ஏத்துனதுன்னு அங்க கேஸ் வரைக்கும் போயிருக்கு. உங்க பீரோவுல இருக்குறது தம்பி தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பசங்கன்னு ஊரே வெளையாடுன சரக்கு. அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் ஒண்ணா வச்சுக் கனவு காணாதீங்க.

அதுக்காக ஐடியா மோசம்னு சொல்லல. 1995-ல ஈபேங்கிற அமெரிக்க ஆன்லைன் ஏல சைட் ஆரம்பிச்சப்ப அதுல மொதல்ல வித்தது ஒரு ஒடஞ்ச லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்குப் போச்சு. ஒடஞ்சதுன்னு தெரிஞ்சுதான் வாங்குறீங்களான்னு கேட்டதுக்கு, ஒடஞ்ச லேசர் பாயிண்டர் சேக்குறதுதான் என் பழக்கம்னு வாங்குனவர் சொன்னாராம். எந்தச் சாமானுக்கும் எங்கயோ ஒருத்தன் இருக்கான், அவனைக் கண்டுபிடிக்கிறதுதான் ஏலக்காரன் வேலை. ஆனா நம்ம நாட்டுல பொதுவான ஏல சைட் நிக்கலங்கிறதையும் பாக்கணும். பாஸி டாட் காம்னு ஒண்ணு இருந்துச்சு, 2004-ல ஈபே அதை வாங்குச்சு, 2017-ல ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட் கைக்குப் போச்சு, மறு வருஷமே இழுத்து மூடிட்டாங்க. புதுச் சாமானை நேர் விலைக்கு வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்கும்போது எவன் ஏலத்துல ஒக்காந்து மெனக்கெடுவான். அதனால வேற எங்கயும் கெடைக்காத சரக்குக்குத்தான் இங்க ஏலம் எடுபடும், அந்த வகையில நீங்க பிடிச்ச எடம் சரி.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க கம்பத்துக்காரரு, ஏலம்னா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அந்தாண்ட போடியிலயும் மலைக்கு மேல புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு ஏலக்கா ஏலத்தை நீங்களோ உங்க வீட்டுப் பெரியவங்களோ பாத்திருப்பீங்க. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் நடக்குது, ஆனா அந்த ஏலம் நடக்குறது கம்ப்யூட்டராலயா? சாம்பிள் முன்கூட்டியே வியாபாரி கைக்கு வந்துடுது, அவரு உருட்டிப் பாத்து, மோந்து பாத்து, பச்சை நெறம் எப்படி, காய் பருமன் எப்படின்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஒக்கார்றாரு. ஏலம் விடுறது லைசென்ஸ் வாங்குன கம்பெனி. கேக்குறதுக்கு ஒரு ஹால் நெறைய ஆள் இருக்காங்க. இந்த மூணும் உங்க சைட்ல என்னவா இருக்குன்னு யோசிங்க. சாம்பிளை அனுப்ப முடியாது, அப்ப போட்டோவும் நீங்க எழுதுற விவரமும்தான் சாம்பிள். லைசென்ஸுக்குப் பதிலா உங்க பேரு. ஹால் நெறைய ஆள், அதுதான் உங்ககிட்ட இல்லாதது.

ஒரு லாட்டுக்கு, அதாவது ஏலத்துக்கு வைக்கிற ஒரு உருப்படிக்கு, ரெண்டு பேராவது முட்டிக்கலன்னா அது ஏலமே இல்ல, ஆரம்ப விலைக்கு வித்ததுதான். அதனால நீங்க செய்யப் போற பெரிய தப்பு என்ன தெரியுமா, மொத நாளே அட்டாரி, சேகா, நிண்டெண்டோ, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் கேம்னு இருபது பிரிவு போட்டு ஐநூறு சாமானைத் தூக்கி வைக்கிறது. வர்றவன் நாப்பது பேரு, அவங்களும் ஐநூறுல செதறிப் போனா ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கை. பிரிவை எல்லாம் தூக்குங்க. வாரத்துக்கு ஒரு ஏலம், ஞாயித்துக்கெழம ராத்திரி முடியுற மாதிரி, மிஞ்சிப் போனா 20 லாட்டு, அம்புட்டுத்தான். எல்லார் கண்ணும் ஒரே எடத்துல விழணும்.

எதைப் போடுறதுன்னா, நான் உங்க எடத்துல இருந்தா நம்ம நாட்டுலயே வந்த சரக்குல இருந்து ஆரம்பிப்பேன். பிஎஸ்2 மெஷின் உலகம் பூரா 15 கோடிக்கு மேல வித்தது, 2013 வரைக்கும் செஞ்சிருக்காங்க, வெறும் மெஷினுக்கு என்ன மதிப்பு வரும்? ஆனா 2009-ல ஹைதராபாத்ல செஞ்சு வந்த ஹனுமான்: பாய் வாரியர், அதே வருஷம் வந்த தேசி அட்டா, இதெல்லாம் நம்ம ஊருக்குன்னே வந்த பிஎஸ்2 டிஸ்க். வெளிநாட்டுல தேடித் தேடி எல்லா நாட்டு டிஸ்க்கும் சேக்குறவன் இருக்கான், அவனுக்கு இது சிக்குறது கஷ்டம். ஷா வாலஸ் கம்பெனி மூலமா இங்க வந்த சேகா மெகா டிரைவ், அதுவும் இந்திய வாரண்டி கார்டு, கடை பில்லு, அட்டைப் பெட்டியோட இருந்தா தனி மரியாதை. பில்லுல நம்ம ஊரு கடைப் பேரு இருந்தா அதைத் தூக்கிப் போட்றாதீங்க, சேக்குறவனுக்கு அதுவும் சரக்குதான்.

கடைசியா காசுக் கணக்கு. 20 லாட்டு, சராசரி 1,500 ரூபாய்னு வைங்க, மொத்தம் 30,000. கமிஷன் 8 சதவீதம்னா 2,400. ஆன்லைன்ல காசு வாங்கிக் குடுக்குற பேமெண்ட் கேட்வேக்காரன் 2 சதவீதம் எடுத்தா 600, அதுக்கு ஜிஎஸ்டி 108. மிச்சம் 1,692, அதுலயும் உங்க கமிஷனுக்கு ஜிஎஸ்டி, சர்வர் வாடகை, போட்டோ எடுக்குற நேரம், போன்ல பதில் சொல்ற நேரம். உங்க கடையில ரெண்டு டிஸ்ப்ளே மாத்துனா வர்ற காசு. ரெண்டு வருஷம் இதைத் தாங்க முடியும்னா எறங்குங்க, கடையும் ஓடட்டும்.

கேள்வி: நான் போடியில ஏலக்கா வியாபாரிகிட்ட வேலை பாக்குறேன், ராத்திரியில ஆன்லைன்ல பழைய கேம் வாங்குவேன். எப்பப் பாத்தாலும் கடைசி ரெண்டு செகண்ட்ல ஒருத்தன் வந்து தட்டிட்டுப் போயிடறான். இதுக்கு ஒரு வழி இல்லையா? அப்புறம் வித்தவனே வேற பேர்ல வந்து விலை ஏத்துறான்னு சந்தேகமாவும் இருக்கு.
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மொத விஷயத்துக்கு வழி இருக்கு, அது சைட் நடத்துறவன் கையில இருக்கு (கம்பம் தம்பி, இது உங்களுக்கும் சேத்துதான்). கடைசி மூணு நிமிஷத்துக்குள்ள எவன் கேட்டாலும் டைம் இன்னும் மூணு நிமிஷம் நீளணும். ஒரு தரம், ரெண்டு தரம்னு கூவுறவரு புதுசா ஒரு கை ஒசந்தா மறுபடி மொதல்ல இருந்து கூவுவாருல்ல, அந்த நியாயம்தான். கடிகாரம் முடிஞ்சா முடிஞ்சதுன்னு வைக்கிற சைட்ல எல்லாரும் கடைசி செகண்டுக்குக் காத்துக் கெடப்பான், அதுவரைக்கும் விலை நகராது, நெட் ஸ்லோவா இருக்குறவன் தோத்துப் போவான். மலைமேல டவர் நெலவரம் உங்களுக்கே தெரியும்.

கூடவே ப்ராக்ஸி முறை வேணும். நீங்க உச்ச விலை 3,000னு ரகசியமா போட்டு வச்சிடுறீங்க, இன்னொருத்தர் 2,200 போடுறாரு, ஒரு படி 100 ரூபாய்னா உங்களுக்கு 2,300-க்கு முடிஞ்சுடும், 3,000 குடுக்க வேண்டியதில்ல. உங்க மனசுல இருக்குற உண்மையான உச்ச விலையைப் போட்டுட்டுத் தூங்கப் போயிடலாம். வில்லியம் விக்ரின்னு ஒரு பொருளாதார அறிஞர், 1996-ல நோபல் வாங்குனவரு, ஜெயிச்சவன் ரெண்டாவது ஆளோட விலையைக் குடுத்தாப் போதும்னு வச்சா எவனும் விலையை மறைச்சுக் கேக்கத் தேவையில்லன்னு 1961-லயே எழுதியிருக்காரு, இது ஏறக்குறைய அந்தக் கணக்குதான்.

ரெண்டாவது சந்தேகம், அது நெசமாவே நடக்குது. ஏலத்துல எடுத்த காயையே திருப்பி ஏலத்துல கொண்டாந்து விடுற ரீபூலிங் பத்தி விவசாயிங்க கத்துறது உங்க காதுல விழாம இருக்காது, எந்த ஏலத்துலயும் உள்ளடி ஆட்டம்னு ஒண்ணு இருக்கு. முழுசா ஒழிக்க முடியாது. ஒரு போன் நம்பருக்கு ஒரு கணக்கு, மொத தடவை கேக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெபாசிட், ஒரே ஆளோட சரக்குக்கே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு ஒண்ணுல கூட ஜெயிக்காத கணக்கைக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்குறது, இம்புட்டையும் செஞ்சாலே பாதி அடங்கும். சைட் ஓனர் தன் சொந்தச் சரக்கை விடும்போது இது என்னோடதுன்னு மேலயே எழுதணும். எழுதாத சைட்ல நான் கேக்க மாட்டேன்.

கேள்வி: என் தம்பி வெளிநாட்டுல இருக்கான். அவன் அட்டைப் பெட்டியில ஒரு பிஎஸ்2, அம்பது அறுபது டிஸ்க், டிவியில மாட்டுற பழைய கேம் மெஷின், அதோட கேசட்டு, ஒரு பிஎஸ்பி எல்லாம் இருக்கு, வித்துடு அக்கான்னு சொல்லிட்டான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எது விக்கும்?
– வாசகி, குமுளி

பதில்: டிஸ்க்கை எல்லாம் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கக்கா. ஊதாவோ பச்சையோ சாயம் பூசுன மாதிரி மினுங்கி, மேல்பக்கம் மார்க்கர்ல பேரு எழுதியிருந்தா அது காப்பி, பத்துக்கு எட்டு அப்படித்தான் இருக்கும், நம்ம ஊர்ல எல்லாரும் காப்பி டிஸ்க் ஓடுறதுக்குன்னு சிப் போட்ட மெஷின்ல அம்பது ரூபா டிஸ்க்தான் ஓட்டுனோம். அதைக் காசுக்கு விக்கக் கூடாது, 1957 காப்பிரைட் சட்டப்படி குத்தம். வெள்ளி நெறத்துல, அச்சடிச்ச லேபிளோட, பெட்டியும் சின்னப் புக்கும் சேந்து இருந்தா தனியா எடுத்து வைங்க. சில நல்ல டிஸ்க்குக்கு அடிப்பக்கம் நீலமா இருக்கும், அது சிடியில வந்த ஒரிஜினல் பிஎஸ்2 கேம், காப்பின்னு நெனச்சு வீசிடாதீங்க. பிஎஸ்1 டிஸ்க் ஒரிஜினல்னா அடி கறுப்பா இருக்கும்.

டிவி கேம் மெஷின் ஏதோ ஒரு பேர் போட்டதா இருக்கும். அது பெரும்பாலும் நிண்டெண்டோ மெஷினோட நகல்தான், ஒரே கேசட்டுல லட்சக்கணக்குல கேம்னு போட்டிருக்கும், உள்ள பாத்தா சொச்சம்தான். இதை விக்கலாமான்னு கேட்டா எனக்கே மனசு ரெண்டா இருக்கு. 90-கள்ல நம்ம பிள்ளைங்க வெளையாடுனதே இதைத்தான், ஒரிஜினலை எத்தனை வீட்டுல பாத்தோம், சேக்குறவங்களும் ஆசையா கேக்குறாங்க. ஆனா அந்தக் கேசட்டுல இருக்குறது அனுமதி வாங்காம ஏத்துன கேம். நான் சைட் நடத்துனா மெஷினைச் சேத்துப்பேன், கேசட்டைச் சேத்துக்க மாட்டேன். திட்டுவாங்க, திட்டட்டும்.

பிஎஸ்பியில (கையில வச்சு வெளையாடுற சோனி மெஷின்) பின்பக்கம் மூடி உப்பி இருக்கான்னு பாருங்க. பழைய பேட்டரி ஊதிக்கும், அப்படி இருந்தா சார்ஜ் போடாம, குத்தாம கழட்டிடுங்க. பேட்டரி உள்ள பார்சலை விமானத்துல அனுப்புறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, கூரியர்ல ரோடு வழியா போகும்படி சொல்லி அனுப்பணும். குமுளி மழைக்குப் பூஞ்சை பிடிச்சிருந்தா அதை மறைக்காம போட்டோவுல காட்டுங்க. மெஷின் மஞ்சளாப் போயிருந்தாலும் வெளுக்க வைக்கிறேன்னு எதையும் பூசாதீங்க, சேக்குறவன் மஞ்சளை மன்னிப்பான், திட்டுத்திட்டா வெளுத்ததை மன்னிக்க மாட்டான். டிவியில மாட்டி ஓட்டி ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க, நூறு வார்த்தை எழுதுறதை விட அது மேல்.

கேள்வி: ஏல சைட்காரன் காசை வாங்கி வச்சுக்கிட்டு, பொருள் போய்ச் சேந்ததும் வித்தவனுக்குக் குடுக்கலாமா? ஜிஎஸ்டி எடுக்கணுமா? கேரளாவுல இருக்குறவன் தமிழ்நாட்டுக்காரனுக்கு வித்தா தனிச் சட்டமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: காசை உங்க சொந்த பேங்க் கணக்குல வாங்கிப் பிடிச்சு வைக்காதீங்க. அடுத்தவங்க காசை அப்படிக் கையாளுறதுக்கு ரிசர்வ் பேங்க் அனுமதி வேணும். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி அனுமதி உள்ளவங்ககிட்ட காசைப் பிரிச்சு அனுப்புற வசதி இருக்கு, வித்தவனுக்கு அவன் பங்கு, உங்களுக்குக் கமிஷன், அது வழியா பண்ணுங்க.

அடுத்தவன் சரக்கை சைட்ல வித்து, காசையும் சைட் வழியா வாங்குனா, வியாபாரம் எத்தனை சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், சின்ன வியாபாரத்துக்குப் பதிவு வேண்டாங்கிற சலுகை இங்க செல்லாது. வரி வர்ற விற்பனையில 0.5 சதவீதத்தை சைட்காரன் வித்தவன் காசுல பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும், 2024 ஜூலைக்கு முன்னாடி அது 1 சதவீதம். எல்லை சமாச்சாரம்தான் நம்ம பக்கத்துக்கு வில்லங்கம். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத சின்ன வியாபாரி 2023 அக்டோபர்ல இருந்து ஆன்லைன் சைட் மூலமா விக்கலாம், ஆனா தன் மாநிலத்துக்குள்ள மட்டும். அதாவது குமுளிக் கடைக்காரர் காசர்கோட்டுக்கு விக்கலாம், கண்ணுக்குத் தெரியுற கம்பத்துக்கு விக்க முடியாது. வீட்டுல கெடக்குற சொந்தச் சாமானை எப்பவாவது ஒண்ணு ரெண்டு விக்கிறது வியாபாரக் கணக்குல வராது, மேல கேட்ட அக்கா கவலைப்பட வேண்டியதில்ல. மாசாமாசம் வாங்கி வாங்கி விக்கிறவரு அந்தக் கணக்குல தப்ப முடியாது. புனலூர்ல வாங்கிச் செங்கோட்டையில வச்சு விக்கிற ஐடியா இருந்தா ஆடிட்டரை ஒரு தடவை பாத்துருங்க.

இன்னொண்ணு, 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் கேக்குற அதிகாரி பேரும் போன் நம்பரும் சைட்ல இருக்கணும், புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள கெடச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். ரெண்டு பேர் நடத்துற சைட்ல ஒருத்தர் பேரைப் போட்டாகணும். குமுளி ஃப்ரெண்டா கம்பத்துத் தம்பியான்னு பொங்கலுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.