தலையங்கம் எழுதாத ஆசிரியர்

(வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.)

அமெரிக்கப் பத்திரிகைகளில் 'எக்ஸிக்யூட்டிவ் எடிட்டர்' என்கிறார்களே, அவர் நம் ஊர் ஆசிரியர் மாதிரிதானா?
— சிவகாசி வாசகர்

இல்லை. இங்கே உரிமையாளர் குடும்பத்தில் ஒருவரே ஆசிரியராக இருப்பதும், தலையங்கம் அவர் பார்வையில் போவதும் சகஜம். வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ், பாஸ்டன் குளோப் போன்றவற்றில் எக்ஸிக்யூட்டிவ் எடிட்டர் (சில இதழ்களில் வெறும் 'எடிட்டர்') செய்திப் பிரிவுக்கு மட்டுமே தலைவர். தலையங்கப் பக்கத்துக்குத் தனி ஆசிரியர் உண்டு. இருவரும் தனித்தனியாகப் பதிப்பாளருக்குப் பதில் சொல்பவர்கள். 2016 தேர்தலில் போஸ்ட் தலையங்கம் ஹிலாரி கிளிண்டனை ஆதரித்தபோது, செய்திப் பிரிவின் தலைவராக இருந்த மார்ட்டி பாரனுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. விளம்பரமும் விற்பனையும்கூட அவர் பொறுப்பில் இல்லை.

மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். எந்த நிருபரை எந்த வேலையில் போடுவது, எத்தனை மாதம் விட்டுவைப்பது, கையில் உள்ள செய்தியை இன்றே போடுவதா, இன்னும் தோண்டச் சொல்வதா என்பவை. பெரிய அதிகாரம் இதில்தான் இருக்கிறது.

அந்த நாற்காலிக்கு எந்த வழியாக வருகிறார்கள்? புகழ்பெற்ற நிருபராக இருந்தால் போதுமா?
— கோவை வாசகி

போதாது, அவசியமும் இல்லை. பாரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் பிறந்தவர். லீஹை பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டமும் எம்.பி.ஏ.வும் முடித்து, 1976-ல் மயாமி ஹெரால்டில் நிருபரானார். 1979-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் போய், 1983-ல் அதன் வணிகப் பிரிவின் ஆசிரியர். 1996-ல் நியூயார்க் டைம்ஸ். அங்கே இரவு நேரச் செய்திப் பணிகளுக்குப் பொறுப்பு. வெளியே யாருக்கும் பெயர் தெரியாத வேலை அது. ஆனால் முதல் பதிப்பு அச்சுக்குப் போனபின் வந்து விழும் செய்திக்கு எதைத் தூக்கி எதை வைப்பது என்ற பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

2000-ல் மயாமி ஹெரால்டின் தலைமை. ஏப்ரல் 22 அதிகாலையில் கியூபச் சிறுவன் எலியான் கொன்சாலெஸை, தந்தையிடம் சேர்ப்பதற்காக, உறவினர் வீட்டிலிருந்து கூட்டாட்சி அதிகாரிகள் மீட்ட செய்திக்கு அடுத்த ஆண்டு அமெரிக்க இதழியலின் உயரிய பரிசான புலிட்சர் கிடைத்தது. நம் பார்வையில் அதைவிட முக்கியமானது வாக்குச்சீட்டு வேலை. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ் ஃபுளோரிடாவை 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதிபர் பதவிக்கு வாக்கே பதிவாகவில்லை என்று இயந்திரங்கள் ஒதுக்கிய 64,248 சீட்டுகளை, மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி கேட்டு வாங்கி, ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னது ஹெரால்டு. பெரும்பாலான அளவுகோல்களின்படி புஷ்ஷே வென்றிருப்பார் என்று விடை வந்தது. வந்ததை அப்படியே போட்டார்கள்.

பிறகு 2001 ஜூலையில் பாஸ்டன் குளோப். 2013 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை வாஷிங்டன் போஸ்ட்.

பாஸ்டன் பாதிரியார்கள் விவகாரத்தை வெளிக்கொண்டு வந்தது நிருபர் குழுதானே? ஆசிரியர் செய்தது என்ன?
— நாகர்கோவில் வாசகர்

உழைப்பு குழுவுடையதுதான். ஆசிரியர் செய்தவை மூன்று. மூன்றும் இல்லாமல் அந்தச் செய்தி அந்த வடிவில் வந்திருக்காது.

ஒன்று, கேள்வி. ஜான் கேகன் என்ற பாதிரியார் மீது 130-க்கும் மேற்பட்டவர்கள் பாலியல் குற்றம் சாட்டியிருந்தார்கள். வழக்கின் ஆவணங்கள் நீதிமன்ற உத்தரவால் மூடி வைக்கப்பட்டிருந்ததால் உண்மை வெளியே வராமலே போகலாம் என்று குளோப்பின் பத்தி எழுத்தாளர் ஐலீன் மெக்னமாரா எழுதியிருந்தார். பாரன் பதவியேற்றதும் முதல் காலைக் கூட்டத்திலேயே, அந்த முத்திரையை உடைக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாமா என்று கேட்டார். பொது ஆவணச் சட்டம் தாராளமாக உள்ள ஃபுளோரிடாவிலிருந்து வந்தவருக்கு அது இயல்பான கேள்வி. பாஸ்டன்காரர்களுக்கு அது தோன்றவில்லை. ஆகஸ்டில் மனு, நவம்பரில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி ஆவணங்களைத் திறக்க உத்தரவு, டிசம்பரில் திருச்சபையின் மேல்முறையீடு தள்ளுபடி.

இரண்டு, ஆளும் நேரமும். 'ஸ்பாட்லைட்' என்ற நால்வர் குழுவை இதிலேயே விட்டுவைத்தார். செப்டம்பர் 11 தாக்குதலுக்காகச் சில வாரங்கள் இழுத்துக்கொண்டாலும் திருப்பி அனுப்பினார். அந்த மாதங்களில் குழு செய்த வேலை அலுப்பூட்டுவது: மறைமாவட்டம் ஆண்டுதோறும் அச்சிடும் பாதிரியார் விவரப் புத்தகங்களை எடுத்து, 'நோய் விடுப்பு', 'பணி ஒதுக்கப்படவில்லை' போன்ற குறிப்புகளோடு யார் யார் எந்த ஆண்டில் மாயமானார்கள் என்று கணினியில் பட்டியல் போட்டார்கள்.

மூன்று, குறி. தனித்தனிப் பாதிரியார்களின் கதையாகப் போட்டிருந்தால் பத்து நாள் பரபரப்போடு முடிந்திருக்கும். மேலிடம் தெரிந்தே அவர்களை ஊர் மாற்றியது என்பதை நிறுவச் சொன்னார். முதல் கட்டுரை 2002 ஜனவரி 6, ஞாயிறு. அதில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு வந்த அழைப்புகளே அடுத்த கட்டுரைகளுக்கு வழி. ஓராண்டில் சுமார் 600 செய்திகள். டிசம்பர் 13-ல் பாஸ்டன் பேராயர் கார்டினல் பெர்னார்ட் லா பதவி விலகினார்.

புலிட்சர் பரிசு ஆசிரியருக்கா, நிருபருக்கா?
— ஈரோடு வாசகர்

பெரும்பாலும் நிருபருக்கு, அல்லது 'ஊழியர்கள்' என்ற பொதுப்பெயரில். பொதுச் சேவைக்கான தங்கப் பதக்கம் மட்டும் பத்திரிகைக்கு. 2003-ல் குளோப் வாங்கியது அதுதான்.

ஒரு பெரிய மனிதர் மீது குற்றச்சாட்டு வந்தால், வெளியிடுமுன் எப்படிச் சரிபார்க்கிறார்கள்?
— மதுரை வாசகி

2017 நவம்பர் 9-ல் போஸ்ட் வெளியிட்ட ராய் மூர் செய்தியைப் பாருங்கள். அலபாமாவில் செனட் தேர்தலுக்கு நின்ற அவர் மீது, 1979-ல் தனக்கு 14 வயதாக இருந்தபோது தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் சொன்னார். இன்னும் மூன்று பெண்களும் மூர் பற்றிப் பேசினார்கள். நிருபர்கள் பார்த்தவை: மூரை முதலில் சந்தித்ததாக அந்தப் பெண் சொன்ன நீதிமன்றத்தில் அவளுடைய தாயின் வழக்கு அந்தக் காலத்தில் நடந்ததா (பழைய பதிவேட்டில் இருந்தது), மற்ற மூன்று பெண்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பழக்கம் உண்டா (இல்லை), அவர்கள் எதிர்க் கட்சிக்கு வேலை செய்தவர்களா. நான்கு பெண்களும் பெயர் சொல்லிப் பேசச் சம்மதித்த பிறகுதான் செய்தி. 30-க்கும் மேற்பட்டோரிடம் பேசியிருந்தார்கள். பதிவேடுகளைத் தோண்டும் ஆய்வாளரின் பெயரும் செய்தியின் தலைப்பின் கீழ் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிச் சேர்ப்பதும், வழக்கறிஞர் வரி வரியாகப் படிப்பதும் இப்படிப்பட்ட செய்திகளுக்கு வழக்கமான கடைசிப் படிகள்.

சில நாளிலேயே இன்னொரு பெண் வந்தார். மூரால் 15 வயதில் கர்ப்பமானதாகச் சொன்னார். போட்டிருந்தால் பரபரப்பு. ஆனால் அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன நிறுவனத்தில் அப்படி யாரும் இல்லை. பழமைவாத ஊடகத்தில் சேரப்போவதாக அவர் பெயரில் ஒரு நிதி திரட்டும் பக்கம் இணையத்தில் கிடைத்தது. ஊடகங்களை ரகசியமாகப் படம்பிடித்துச் சிக்கவைக்கும் ப்ராஜெக்ட் வெரிடாஸ் என்ற பழமைவாத அமைப்பின் அலுவலகத்துக்குள் அவர் நுழைவதை நிருபர்கள் நேரில் பார்த்தார்கள். பொறி வைக்க அனுப்பப்பட்டவர். நவம்பர் 27-ல் பொறி வைத்த கதையே செய்தியாயிற்று. பெயர் வெளியிடுவதில்லை என்று தகவல் தருபவருக்குக் கொடுத்த வாக்கு, அவர் ஏமாற்றியது தெரிந்தால் செல்லாது என்பது போஸ்ட் எடுத்த நிலை. நமக்கும் அது நியாயமாகவே படுகிறது.

இவ்வளவு இருந்தும் பொய்ச் செய்திகள் எப்படி நுழைகின்றன?
— வேலூர் வாசகர்

பெரும்பாலும், ஒரு கேள்வியை யாரும் கேட்காததால். பென் பிராட்லி, அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த போஸ்டின் ஆசிரியர். அவர் காலத்தில்தான் 1980-ல் ஜேனட் குக் என்ற நிருபர், ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். போலீஸ் தேடியும் சிறுவன் கிடைக்கவில்லை. அவன் யார் என்று மேலிருந்த ஒருவரும் அவரிடம் கேட்டு உறுதி செய்யவில்லை. 1981 ஏப்ரலில் புலிட்சர் அறிவிக்கப்பட்டதும், அவர் முன்பு வேலை பார்த்த டொலிடோ பத்திரிகைக்காரர்கள் அவருடைய படிப்பு விவரங்கள் பொருந்தவில்லை என்று கவனித்தார்கள். இரண்டே நாளில் பரிசு திரும்பிப் போனது. தகவல் தருபவரின் பெயர் குறைந்தது ஒரு ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி எதற்கு என்று இப்போது புரியும்.

2003-ல் நியூயார்க் டைம்ஸில், இட்டுக்கட்டியும் திருடியும் எழுதிய நிருபர் ஜேசன் பிளேரின் விவகாரம் வேறு மாதிரி. அங்கே எச்சரிக்கை இருந்தது. உரிய மேசைக்குப் போகவில்லை. அவரை உடனே எழுதவிடாமல் நிறுத்துங்கள் என்று நகரச் செய்தி ஆசிரியர் ஜொனாதன் லேண்ட்மன் 2002 ஏப்ரலிலேயே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு அதே நிருபரை தேசியப் பிரிவு வெளியூர்ச் செய்திகளுக்கு வைத்துக்கொண்டது. வெளி மாநிலத்தில் இருப்பதாக எழுதியவரின் செலவு ரசீதுகள் நியூயார்க் கடைகளைக் காட்டின. ரசீதைப் பார்த்தவர் செய்தியைப் பார்க்கவில்லை. தேசியச் செய்திகளுக்கு மாறிய பின் அவர் எழுதிய 73 கட்டுரைகளில் 36-ல் கோளாறு. ஜூன் 5-ல் ஆசிரியர் ஹோவல் ரெய்ன்ஸும் மேனேஜிங் எடிட்டரும் பதவி இழந்தார்கள். ரெய்ன்ஸிடம் கெட்ட சேதி சொல்லவே ஆட்கள் பயந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

முதலாளி ஆட்களைக் குறைக்கச் சொன்னால் ஆசிரியர் மறுக்க முடியுமா?
— திருச்சி வாசகர்

மறுக்கலாம், வேலை போகும். 2006-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் ஆசிரியர் டீன் பாக்கே, சுமார் 940 பேர் இருந்த செய்திப் பிரிவை மேலும் வெட்ட முடியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். உரிமையாளரான ட்ரிப்யூன் நிறுவனம் முதலில், அவருக்குத் துணை நின்ற பதிப்பாளரை வீட்டுக்கு அனுப்பியது, நவம்பரில் பாக்கேயை. அடுத்த ஆண்டே நியூயார்க் டைம்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2014 முதல் 2022 வரை அதன் எக்ஸிக்யூட்டிவ் எடிட்டர், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். எல்லோருக்கும் இப்படி அமையாது.

பாரனுக்கு எதிர்த்திசையில் அதிர்ஷ்டம். 2013-ல் ஜெஃப் பெசோஸ் 25 கோடி டாலருக்குப் போஸ்டை வாங்கினார். 600-க்கும் குறைவாக இருந்த செய்திப் பிரிவு, பாரன் விலகும்போது 1,000-ஐத் தாண்டியிருந்தது.

பாரனிடம் குறையே இல்லையா?
— புதுச்சேரி வாசகி

உண்டு. நிருபர்கள் சமூக ஊடகத்தில் சொந்தக் கருத்து எழுதுவதை அவர் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்று செய்திப் பிரிவிலேயே முணுமுணுப்பு. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த அன்று, அவர் மீதான பழைய பாலியல் புகார் பற்றிய கட்டுரையைப் பகிர்ந்த நிருபரை இடைநீக்கம் செய்தார்கள். 200-க்கும் மேற்பட்ட சக ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தெளிவான, நேரடியான விதி மீறல் இல்லை என்று நிர்வாகம் பின்வாங்கியது. இதே சமூக ஊடக விஷயத்தில் பாரனோடு மோதிய நிருபர் வெஸ்லி லோவரியும் அதே ஆண்டு வெளியேறினார். போலீஸ் துப்பாக்கியால் நாட்டில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று போஸ்டே எண்ண வேண்டும் என யோசனை சொன்னவர் அவர். 2015-க்கு மட்டும் 990 பேர் என்று காட்டிய அந்தக் கணக்குக்கு மறு ஆண்டு புலிட்சர் கிடைத்தது. அரசின் அதிகாரபூர்வ எண்ணிக்கை அதில் பாதிகூட இல்லை.