ஈறு இறங்கியவர் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து 58 வயது விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது, வலப்பக்கக் கடைவாய்ப்பற்கள் இரண்டை எடுத்தாயிற்று, சர்க்கரையும் உண்டு. ஊரில் நடந்த இலவச முகாமில், எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு மூன்றே நாளில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டேனிய வேரும் அதன்மேல் கட்டும் பல்லும்) வைக்கலாம், தவணையில் கட்டலாம் என்றார்களாம்.

ஐயா, இப்போது சம்மதிக்காதீர்கள். ஈறு இறங்கியிருக்கிறது என்பதற்காக உறுதியாக நிற்கும் பல்லை எடுக்க வேண்டியதில்லை. உங்கள் வயதில் இதற்குப் பெரும்பாலும் வேரைச் சுற்றிப் படிந்த காரையும் அதனால் கரைந்த எலும்புமே காரணம். இறங்கிய ஈறு தானாக ஏறாது. மேலும் இறங்காமல் நிறுத்தலாம். கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயத்தை விடுங்கள். சென்ற மாதம் ஓர் அம்மாவுக்குக் காரையை எடுத்ததும், நாக்கால் இடைவெளியைத் தடவிப் பார்த்துப் பல் கெட்டுவிட்டதென்று அழுதார். அதுவரை அந்த இடைவெளியை அடைத்திருந்தது காரைதான்.

இம்பிளான்டைச் சுற்றியும் இதே நோய் வரும். எனவே முதலில் ஈற்றுச் சிகிச்சை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையிலை இருந்தால் அதை விடுவது. இரண்டு மாதம் கழித்து ஈற்றை மறுபடி பார்த்த பிறகே மற்றதை முடிவு செய்யலாம். கடைசிப் பற்கள் போன இடத்தில் பின்னால் தாங்கப் பல் இல்லாததால், இருபக்கப் பற்களைத் தாங்கலாக்கிக் கட்டும் பிரிட்ஜ் பொதுவாக நிற்காது. கழற்றி மாட்டும் பல் செட், அல்லது எலும்பு இருந்தால் இம்பிளான்ட். டைட்டேனியம் எலும்போடு ஒட்டச் சாதாரணமாக மூன்று மாதமாவது ஆகும்.

எலும்புத் தேய்மானத்திற்கு ஊசியோ வாரமொரு மாத்திரையோ எடுப்பவர்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், பல் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். ஊசி போட்டு ஓர் ஆண்டு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள், மருந்துச் சீட்டையே காட்டுங்கள். அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடும். ஆனால் அந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

முகாமுக்கு ஆள் பிடிப்பவர்களில் பலர் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள். வாயைச் சரியாகப் பார்க்காமல், எலும்பை ஸ்கேன் செய்யாமல் கடன் பத்திரத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கு வைத்துக்கொண்டாலும் இம்பிளான்டின் கம்பெனிப் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், பின்னாளில் பல்லைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தால் பொருந்தும் கருவியைத் தேடியே அலைய வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனையில் பல்லை எடுத்துவிடுகிறார்கள். எடுத்த இடத்தில் பல் கட்டுவதற்கோ ஏழை தன் பணத்தைத் தேட வேண்டியிருக்கிறது, இதை எத்தனை காலம் பொறுப்பது? இப்போதைக்குக் கோவை, திருச்செங்கோடு, சேலம் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஏதேனும் ஒன்றுக்குச் சென்று ஈற்றுநோய்ப் பிரிவில் பெயர் பதியுங்கள். வெளியைவிடச் செலவு குறைவாக இருக்கும். பழைய எக்ஸ்ரேயையும் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் கையோடு கொண்டுபோங்கள்.