வெயில் ஊருக்குக் கெட்டியான ஆயில் வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஏழு வயதான ஜப்பானிய கார், 1.6 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. கையேட்டில் எஞ்சின் ஆயில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது; 5டபிள்யூ-30 ஊற்றலாம் என்றும் போட்டிருக்கிறது. வழக்கமாகப் போகும் பட்டறைக்காரரோ, "நம்ம ஊர் வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஆயிடும், 5டபிள்யூ-40 ஃபுல்லி சிந்தெடிக் போடுங்க" என்கிறார். ஆயில் ஃபில்டரிலும் 8 வெள்ளி, 25 வெள்ளி என்று இரண்டைக் காட்டினார். எதை எடுப்பது?

பதில்: பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வெயில் கணக்கு சரியில்லை. எஞ்சின் சூடான பிறகு வெளியே 33 டிகிரியா, 20 டிகிரியா என்பது ஆயிலுக்குப் பெரிதாகத் தெரியாது. தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை 90 டிகிரி பக்கத்திலேயே பிடித்துவைத்திருக்கும், ஆயிலும் 100 டிகிரியை ஒட்டி வந்துவிடும். 20, 30, 40 என்ற பின் எண் அந்த 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் சொல்கிறது. டபிள்யூ என்றால் விண்டர். அதற்கு முன்னால் வரும் 0, 5 எல்லாம் உறைபனி நாட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டியவை.

இன்னொன்றையும் பாருங்கள். 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் இருக்கும்போது, 100 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். காலையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிற்கும் உங்கள் கார் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். நமக்கு வியர்க்கிறதே தவிர, எஞ்சினுக்கு இது குளிர் ஊர்தான். இப்போதைய எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அதில் ஆயில் போகும் வழிகள் மெல்லியவை. கையேட்டில் இல்லாத 40-ஐ ஊற்றினால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது, ஆனால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம், ஈரச்சந்தை, அலுவலகம் என்று ஓடும் காருக்கு 0டபிள்யூ-20 போதும். குடும்பத்தோடு சாமான் ஏற்றிக்கொண்டு அடிக்கடி மலேசிய நெடுஞ்சாலையில் ஈப்போ வரை போகிறவர் என்றால் நான் 5டபிள்யூ-30 எடுப்பேன். டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ எஸ்பி அல்லது இல்சாக் ஜிஎஃப்-6ஏ என்ற தரக் குறியோ, அதற்குப் பிந்தியதோ இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பிராண்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஐரோப்பிய கார் வைத்திருப்பவர்களுக்கு இது போதாது. அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகார எண்ணே டப்பாவில் இருக்க வேண்டும்.

'ஃபுல்லி சிந்தெடிக்' (முழுச் செயற்கை) என்ற சொல்லை நம்பி மயங்கவும் வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து, ஹைட்ரஜன் கொண்டு நன்றாகச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாம் என்று அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்புப் பிரிவு 1999-ல் முடிவு சொன்னது. காஸ்ட்ரால் மீது மொபில் கொடுத்த புகார் அது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த வகைதான். நல்ல எண்ணெய்தான், குறை சொல்ல முடியாது.

ஃபில்டரில்தான் சிக்கனம் பார்க்கக் கூடாது. எஞ்சினை அணைத்த பிறகு ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவு ஃபில்டரில் அது சூட்டில் இறுகிப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வருகிறதா? இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிலிக்கோன் வால்வு அதிக நாள் தாங்கும். ஃபில்டருக்குள் வடிகட்டும் காகிதம் அடைத்துக்கொண்டால் திறக்கும் பைபாஸ் வால்வும் உண்டு. அது திறந்தால் வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். அது எத்தனை அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். அதனால் 25 வெள்ளி ஃபில்டர் உங்கள் காருக்கென்றே உள்ள அசல் பாகம் என்றால் அதையே எடுங்கள், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒருமுறை பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் புதியதை மாட்டிவிட்டேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ஆயில் முழுக்கச் சாலையில். அன்றிலிருந்து பழையதைக் கழற்றியதும் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன்.

எப்போது மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 10,000 கிலோமீட்டர் என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜோகூர் போகும் கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தால் மீட்டர் நகராது, எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஆயில் சூடாகாது, அதில் சேர்ந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாது. கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும், நம்மில் பலர் அந்தக் கணக்கில்தான் வருவோம்.

அப்புறம், டப்பாவின் மூடியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆயிலை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மறுநாள் காலை எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், காருக்கு அடியில் தரையையும் ஒரு பார்வை பாருங்கள்.