செட்டிநாட்டில் பங்களாக்களைத் தவிர, அதிகம் பேருக்குத் தெரியாத இயற்கையான இடங்கள் எவை?

அருவி, குளிர்மலை என்று தேடி வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பது செம்மண் பொட்டல், பாறைக்குன்று, கண்மாய், கொஞ்சம் தள்ளினால் கடல். கானாடுகாத்தான் வீடுகள் எந்த மாதம் போனாலும் அப்படியே நிற்கும். மற்றதெல்லாம் மழையைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகியிருந்தால் ஊரே வேறு ஊர். அதனால் எந்த இடம் என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று முடிவு பண்ணுங்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. சித்திரை வெயிலில் வந்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல!

என் கணக்கில் முதல் இடம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் சாலையில் சுமார் 10 கி.மீ. போய், கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பிரிய வேண்டும். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பே 38.4 ஹெக்டேர்தான், அதாவது சில கண்மாய்கள், அவ்வளவே. ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் விஷயம் இருக்கிறது. அடிமரம் தண்ணீரில் நிற்பதால் பூனை, கீரி எதுவும் கூட்டை நெருங்க முடியாது. சுற்றிலும் நெல்வயல், அதில் நத்தையும் மீனும். ஆகவே நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் மாடி வைத்ததுபோல் கூடு கட்டுகின்றன. மழை தவறிய வருடம் கண்மாய் நிரம்பாது, பறவைகளும் தங்காது. கிளம்புவதற்கு முன் திருப்பத்தூரில் யாரிடமாவது "கண்மாயில தண்ணி கெடக்கா?" என்று கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

காலை 6 முதல் 9, மாலை 4 முதல் இருட்டும்வரை நல்ல நேரம். எனக்கு மாலைதான் உசத்தி. மேயப் போன நாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் அதே நேரத்தில், பகலெல்லாம் கிளைக்குள் உறங்கிய வக்காக்கள் 'குவாக்' என்று கத்திக்கொண்டு இரை தேடக் கிளம்பும். 8x42 பைனாகுலர் இருந்தால் நத்தைகுத்தியின் அலகைப் பாருங்கள். மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். செல்போனில் வெள்ளைப் புள்ளிதான் விழும். படம் வேண்டுமென்றால் 300 மி.மீ. லென்ஸாவது வேண்டும். கைதட்டிப் பறவையைக் கிளப்பிப் படம் எடுப்பது மகா பாவம். தாய்ப்பறவை எழுந்த அந்த ஒரு நிமிடத்தில் காகம் முட்டையைக் கொத்திவிடும். இந்தப் பறவைகளுக்காக இங்குள்ள கிராமத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் காரை நிறுத்தி ஹாரன் அடிக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. மேப்பில் 'திருப்பத்தூர்' என்று போட்டால் வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரும் வரும். ரயில் நிலையம் உள்ளது அந்த ஊரில்தான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு ரயில் கிடையாது. காரைக்குடியில் இறங்கி, 20 கி.மீ. சொச்சம் பஸ்ஸில் வர வேண்டும். தை மூன்றாம் நாள் அந்த வழியிலுள்ள சிராவயலில் மஞ்சுவிரட்டு. அன்று அந்தச் சாலைப் பக்கமே வராதீர்கள், மஞ்சுவிரட்டுதான் பார்க்க வேண்டும் என்றால் ஒழிய.

மலை ஏற வேண்டும் என்கிறவர்களுக்குப் பிரான்மலை. சிங்கம்புணரிக்குப் பக்கம். பாரி ஆண்ட பறம்புமலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. கீழே கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். உச்சிக்கு ஏற விடிந்ததும் கிளம்புங்கள். 10 மணிக்கு மேல் பாறை சூடேறி, இறங்கும்போது முழங்கால் வலியோடு உள்ளங்காலும் வேகும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிவிடுங்கள், மேலே கடை இருக்கும் என்று நம்பாதீர்கள். மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம், பாசிபிடித்த பாறை வழுக்கும். தின்பண்டத்தைக் கேரி பையில் தொங்கவிட்டால் அது குரங்குக்குத்தான்.

ஏற முடியாதவர்களுக்குத் திருக்கோளக்குடி. சின்னக் குன்று, அடுக்கடுக்காகக் கோயில், இப்போதே உருண்டுவிடுமோ எனும்படி ஒரு பெரும்பாறை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலையில் போங்கள். திருமயம் கோட்டை உங்களுக்கே தெரிந்திருக்கும். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியது. கண்மாய் நிறைந்திருக்கும்போது மேலிருந்து பார்ப்பது தனி.

கடல் வேண்டுமென்றால் தேவகோட்டை வழியாகத் தொண்டி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே காரங்காடு. ராமநாதபுரம் மாவட்டம்தான், ஆனாலும் காரைக்குடியில் தங்கிக்கொண்டு அரைநாளில் போய்வரலாம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். காற்று பலமாக வீசினாலோ, நீர்மட்டம் இறங்கியிருந்தாலோ படகு போகாது. முதல் நாளே விசாரித்துக்கொண்டு, காலையில் போய்ச் சேருங்கள். தொப்பி கட்டாயம்.

மதுரை வழியாகத் திரும்புகிறவர்கள் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் இறங்கலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193.42 ஹெக்டேர். வல்லூறு, சமணர் படுகை, பாண்டியர் குடைவரை மூன்றும் ஒரே நடையில்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலை பிரான்மலை, மதியம் சிங்கம்புணரியில் சாப்பாடு, சாயங்காலம் கொள்ளுக்குடிப்பட்டி. காரங்காட்டை அதோடு சேர்க்காதீர்கள், அது நேர் எதிர்த்திசை.