செர்பிய வாலிபால் வீராங்கனை தியானா போஷ்கோவிச்சுக்கு ஏன் இவ்வளவு பெயர்? பத்து வருடத்தில் ஒரு துருக்கி லீக் பட்டம்கூட இல்லையே?

கணக்கு சரிதான். 2015 முதல் 2025 வரை எஜ்ஸாஜிபாஷி அணியில் ஆடியும் லீக் பட்டம் கிடைக்கவில்லை, சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை. ஆனால் நீங்கள் கிளப் பட்டியலோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். செர்பியாவுக்காக 2018, 2022 உலகச் சாம்பியன். இரண்டிலும் தொடரின் சிறந்த வீராங்கனை. 2017, 2019 ஐரோப்பியப் பட்டங்களிலும் அப்படியே. ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம்.

2018-இல் பயிற்சியாளர் தெர்ஸிச், அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் ஒக்னெனோவிச். 2022-இல் சாந்தரெல்லியும் துர்ச்சாவும். பந்து எடுத்துக் கொடுப்பவரே மாறியும் அடி மாறவில்லை.

காரணம் இடது கை. அவர் ஆப்போசிட், அதாவது சுற்று வரிசையில் செட்டருக்கு நேர் எதிரே நிற்கும் அடிப்பவர்; அடிப்பது வலது ஓரத்தில். செட்டர் அவருக்கு இடப்பக்கம். பந்து இடமிருந்து வருவதால் இடக்கைக்காரருக்கு அது உடம்பைத் தாண்டும் முன்பே கைக்கு எட்டிவிடும். வலக்கைக்காரர் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நொடிக்குள் பிளாக் போட (வலைக்கு மேல் கை நீட்டித் தடுக்க) இருவர் வந்து சேர்ந்துவிடுவார்கள். போஷ்கோவிச்சுக்குக் கோட்டோர அடியும் குறுக்கடியும் கடைசிவரை திறந்தே இருக்கும். தடுப்பவரின் வெளிப்பக்கக் கையில் பட்டு பந்து வெளியே போகும்படி அடிப்பதும் சுலபம். பின்வரிசைக்குப் போனாலும் 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து எம்பி அடிப்பார். வீராங்கனைகள் இடம் மாறிச் சுழலும் ஆறு சுற்றுகளில், செட்டர் முன்வரிசையிலும் அவர் பின்வரிசையிலும் நிற்கும் மூன்றில் அணி பிழைப்பது அதனால்தான்.

இத்தாலிய ஆப்போசிட் எகோனுவின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 2018 இறுதிப் போட்டியில் எகோனு 33 புள்ளி, போஷ்கோவிச் 26; செர்பியா 3-2 என வென்றது. புள்ளிதான் அளவுகோல் என்றால், டோக்கியோ வெண்கலப் போட்டியில் மூன்றே செட்டில் போஷ்கோவிச் எடுத்ததும் 33 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. செட்டர் 1-ஆம் இடத்தில் (பின்வரிசை வலது) இருக்கும்போது ஆப்போசிட் 4-இல் (முன்வரிசை இடது) நிற்பார். எதிரணி சர்வீஸ் என்றால் முதல் அடியைப் பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்தே அடிக்க வேண்டிவரும். அங்கே எல்லாம் தலைகீழ்: பந்து வலமிருந்து வந்து, உடம்பைத் தாண்டித்தான் இடக்கைக்குக் கிடைக்கும். செட்டர் தூக்கிய பந்து வலையோரக் கம்பியான ஆன்டெனாவரை போகாமல் உள்ளே விழுந்தால் கை விரியாது, திசை குறையும், பிளாக் சுலபமாக மூடிவிடும். விவரம் தெரிந்த அணிகள் அந்தச் சுற்றில் சர்வீஸைக் கடுமையாகப் போடுவது, செட்டருக்கு நல்ல பந்து போகக் கூடாது என்பதற்காகத்தான்.

இதெல்லாம் இணையத்தில் சுற்றும் பத்து நொடித் துண்டுக் காட்சிகளில் தெரியாது. முதல் பந்து எடுத்ததையும் பிளாக் எங்கே நின்றது என்பதையும் வெட்டிவிட்டு அடியை மட்டும் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, உயரம் இருக்கிறது, அடிக்கிறார் என்று எழுதுபவர்களே அதிகம். எரிச்சலாக இருக்கிறது.

லீக் கோப்பை விஷயத்துக்கு: 2025-இல் அவர் வக்கிஃப்பாங்க் அணிக்கே போய்விட்டார். எஜ்ஸாஜிபாஷியின் வழியை அடிக்கடி மறித்த அணிகளில் அதுவும் ஒன்று.